ஃபெரிட்டின் 48: நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு இரும்பு போதுமா?

ஹீமோகுளோபின் 10.4. சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 74. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 48. மாதவிலக்கு சரியாக வராமல், ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபெரிட்டினுக்கு நேரே லேப் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு பெரும்பாலும் 10 அல்லது 15-இல் தொடங்கி 150 வரை போகும். 48 அதற்குள் அடங்கிவிடுவதால் அதன் அருகில் எந்தக் குறியும் இருக்காது. இரும்பு இருக்கிறது, ரத்தசோகைக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் இந்தப் பெண்ணின் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 9 என்றால் அந்த முடிவு தவறு. அவர் உடலில் இரும்பு குறைவாகவே இருக்கிறது.

நீர்க்கட்டி உள்ளவர்களிடம் இரும்புக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பும். குறைவாக இருக்கும்போது போதுமான அளவு இருப்பதாகக் காட்டும். சிலருக்கு உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். அவர்களும் 'பெண்களுக்கு இரும்பு எப்போதும் குறைவுதான்' என்ற பொது நம்பிக்கையில் டானிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 2019-21-இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்தப் பொது நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. ஆயினும் அதை வைத்துத் தனி ஒருவருக்கு மருந்து முடிவு செய்ய முடியாது.

பேச்சில் நீர்க்கட்டி, பி.சி.ஓ.டி. என்று சொல்லும் பி.சி.ஓ.எஸ்., கட்டியைப் பற்றிய நோயே அல்ல. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முடி, விடாத பரு, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதல்), ஸ்கேனில் தெரியும் ஏராளமான சிறு முட்டைப் பைகள் அல்லது அந்தப் பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோன் ரத்தத்தில் உயர்ந்திருப்பது: இந்த மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றால் பி.சி.ஓ.எஸ். ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். பார்க்கலாம் என்பது 2023 பன்னாட்டு வழிகாட்டியில் சேர்ந்தது, அதுவும் வயது வந்தோருக்கு மட்டும். பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகாத பெண்களுக்கு ஸ்கேனையோ ஏ.எம்.எச்.சையோ வைத்து இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.

இதற்கு அடியில் பெரும்பாலோரிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சுரந்தும் அது சரியாக வேலை செய்யாத நிலை, இருக்கிறது. கூடவே அனலாகத் தெரியாத, காய்ச்சலாக வராத ஒரு மெல்லிய அழற்சியும் இருக்கிறது. சி.ஆர்.பி. என்ற கல்லீரல் புரதம் அதைக் காட்டிக்கொடுக்கும். உடல் எடை ஒரே அளவுள்ள பெண்களை ஒப்பிட்டாலும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெளிவாகியிருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் அது இன்னும் ஏறும்.

ஹெப்சிடின்: நடுவில் இருக்கும் ஹார்மோன்

அழற்சிக்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு என்றால், ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் இந்தச் சிறு புரதத்தில் 25 அமினோ அமிலங்கள்தான். 2000-த்தை ஒட்டித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. குடல் செல்லிலிருந்தும், பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்கும் மேக்ரோஃபேஜ் செல்லிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வர ஒரே ஒரு வழி உண்டு: ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைப் பிடித்து அழித்துவிடும். வழி அடைபட்டால் சாப்பிட்ட இரும்பு குடல் செல்லிலேயே நின்று, செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். உடலுக்குள் மீட்கப்பட்ட இரும்பு கிடங்கிலேயே தங்கிவிடும்.

அழற்சியின்போது ஊறும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் ஹெப்சிடினைத் தூண்டுகிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடல் வைத்திருக்கும் தற்காப்பு இது. கிருமியே இல்லாமல் கொழுப்புத் திசுவிலிருந்து ஆண்டுக்கணக்கில் அழற்சி கசிந்தாலும் இதே வேலை நடக்கும். நெல் குதிரில் இருந்தும் குதிரின் வாயை மண் பூசி அடைத்துவிட்ட வீட்டைப் போல, இரும்பு உள்ளே இருக்கும், எலும்பு மஜ்ஜைக்கு மட்டும் கிடைக்காது. ஒரு நாளில் சிவப்பணு செய்யத் தேவைப்படும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பில் சாப்பாட்டிலிருந்து வருவது 1, 2 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் இந்த மீட்பிலிருந்து வருகிறது. மீட்பு தடைப்பட்டால் எவ்வளவு கீரை சாப்பிட்டும் ஈடு செய்ய முடியாது.

ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம் என்பது பலருக்கும் தெரியும். அழற்சியின்போது அதுவும் தானாக ஏறும் என்பதுதான் பலர் கவனிக்காதது. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இரண்டு எல்லைகளை வைத்தது: அழற்சி இல்லாத வயது வந்தவருக்கு 15-க்குக் கீழ் இரும்புக் குறைவு, தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழேயே குறைவு. முதலில் சொன்ன 48 இங்கேதான் பிடிபடுகிறது.

இதுவரை சொன்னது பாதிதான். பி.சி.ஓ.எஸ்.-இல் ஹெப்சிடினை எதிர்ப்பக்கம் இழுக்கும் சக்திகளும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் ஹெப்சிடினைக் குறைத்து, இரும்பு உள்ளே போவதைக் கூட்டுகிறது. இன்சுலின் மிகுதியும் செல்கள் இரும்பை அள்ளிக்கொள்வதைத் தூண்டுகிறது. ஸ்பெயினின் மாட்ரிட் நகர ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவு இதில் முக்கியமானது. எடை கூடிய பி.சி.ஓ.எஸ். பெண்களின் ஃபெரிட்டின் உயர்வுக்கு, மாதவிலக்கு குறைவாக வருவது மட்டுமே காரணம் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிலக்கை ஒழுங்காக்கிய குழுவில் ஃபெரிட்டின் இறங்கவில்லை. இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மெட்ஃபார்மின் கொடுத்த குழுவில், பாதிப்பேருக்குத்தான் சுழற்சி ஒழுங்கானது. ஆனாலும் ஃபெரிட்டின் இறங்கியது. ரத்தம் போவதைவிட இன்சுலின்தான் அங்கே பெரிய காரணம்.

அதிக இரும்பு சும்மா இருப்பதும் இல்லை. அது செல்களில் ஆக்சிஜன் சேதத்தைத் தூண்டும். கணையத்தின் பீட்டா செல்களையும் கல்லீரலையும் பாதிக்கும். இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். அழற்சி ஒரு பக்கம், ஆண் ஹார்மோனும் இன்சுலினும் மறுபக்கம். எந்தப் பக்கம் வெல்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பி.சி.ஓ.எஸ்.-க்கு இரும்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ரத்தம் போகும் கணக்கு

ஹீமோகுளோபின் 12 உள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 0.4 மில்லிகிராம் இரும்பு இருக்கும். சாதாரண மாதவிலக்கில் 35 மில்லிலிட்டர் போனால் 14 மில்லிகிராம். ஆண்டுக்கு 13 முறை வந்தால் 182. ஆண்டுக்கு நாலே முறை வருபவருக்கு 56. ஏறக்குறைய 125 மில்லிகிராம் மிச்சம். ஃபெரிட்டினில் ஒரு நானோகிராம் என்பது கிடங்கில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்பைக் குறிக்கும் என்பதால், இந்த மிச்சம் ஆண்டுக்கு 15 புள்ளி வரை ஏற்றக்கூடும்.

ஆனால் 'மூன்று மாதமாக வரவில்லை' என்பவர்களுக்கு, வரும்போது எப்படி வருகிறது என்பதைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. முட்டை வெளிவராத சுழற்சியில் புரோஜெஸ்ட்டிரோன் இல்லை. கருப்பை உட்படலம் தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் ஒழுங்கில்லாமல் உடையும். பதினைந்து இருபது நாள் விடாமல் போகும். 80 மில்லிலிட்டர் தாண்டினாலே மிகைப் போக்கு. அதில் 32 மில்லிகிராம் இரும்பு போய்விடும். இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்றுவது: இவை அதன் அடையாளம். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி காலணி, தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களிடம் 'எத்தனை நாள் போகிறது' என்று மட்டும் கேட்டால் போதாது. ஷிஃப்டில் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு இரண்டு நாப்கின் சேர்த்து வைப்பவர்கள் இருப்பார்கள். எண்ணிக்கை குறைவாகத் தெரியும்.

90 நாளுக்கு மேல் இடைவெளி போனால், இரும்புக் கணக்கைத் தாண்டி உட்படலத்தின் பாதுகாப்புக்காகவே மருத்துவரிடம் போக வேண்டும். 10 முதல் 14 நாள் புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரை கொடுத்து உட்படலத்தை ஒழுங்காக வெளியேற்றுவார்கள்.

ரிப்போர்ட்டைச் சேர்த்துப் படிப்பது

ஃபெரிட்டினை மட்டும் எடுப்பது பணத்தை வீணாக்குவது. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், சீரம் இரும்பு, டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு), சி.ஆர்.பி. ஆகியவை ஒரே ரத்த மாதிரியில் வேண்டும். சீரம் இரும்பை டி.ஐ.பி.சி.யால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் டிரான்ஸ்ஃபெரின் செறிவு கிடைக்கும். மஜ்ஜைக்கு இப்போது கைக்கு எட்டும் இரும்பு எவ்வளவு என்பதை அது சொல்லும். 16 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பற்றாக்குறை. பெண்களுக்கு 45-ஐத் தாண்டினால் மிகுதிக்கான காரணத்தைத் தேட வேண்டும்.

காலை 8-லிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், முந்தைய நாள் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். மாலை எடுத்த சீரம் இரும்பு பாதியாகக்கூட இறங்கியிருக்கலாம். காய்ச்சல், டெங்கு, பல் சீழ், சிறுநீர்த் தொற்று வந்து மூன்று வாரம் ஆகாமல் எடுக்கக்கூடாது. டெங்குவில் ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் போகும். சி.ஆர்.பி. 10-ஐத் தாண்டியிருந்தால் அதை பி.சி.ஓ.எஸ். கணக்கில் எழுதாமல், தொற்று ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு குழப்பம்: ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி.யையும் டி.ஐ.பி.சி.யையும் தானாகவே ஏற்றும். செறிவு பொய்யாக இறங்கித் தெரியலாம். மாத்திரை சாப்பிடுவதை லேப் சீட்டில் எழுதச் சொல்வது நல்லது.

முதலில் சொன்ன பெண்ணுக்குச் செறிவு 11 சதவீதம் என்று வந்தால் கதை தெளிவு: இரும்பும் குறைவு, அழற்சியும் உண்டு. இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் 13.4, ஃபெரிட்டின் 190, சி.ஆர்.பி. 6, செறிவு 24 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஃபெரிட்டின் உயர்வு பெரும்பாலும் கொழுப்புக் கல்லீரலும் இன்சுலினும் செய்யும் வேலை. கல்லீரல் நொதிகளும் வயிற்று ஸ்கேனும் பார்க்க வேண்டும். இரும்பு டானிக்கை நிறுத்த வேண்டும். அதற்காகக் கீரையையும் கறியையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் 10, ஃபெரிட்டின் 8 என்றால் யோசிக்கவே தேவையில்லை: அழற்சி எவ்வளவு இருந்தாலும் ஃபெரிட்டினை அது கீழே இறக்காது, ஆகவே குறைவு உறுதி.

எம்.சி.வி. குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 5 மில்லியனைத் தாண்டி, செறிவும் ஃபெரிட்டினும் சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உண்டா என்று பார்க்க வேண்டும். இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்தும் எம்.சி.வி. ஏறாது.

சர்க்கரைப் பரிசோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. இரும்புக் குறைவில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நீண்ட நாள் சுற்றுவதால், சர்க்கரை கூடாமலேயே எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) ஏறித் தெரியும். ரத்தசோகையோடு 5.8, 5.9 என்று வந்த பெண்ணை 'சர்க்கரையின் விளிம்பில்' என்று முத்திரை குத்துவதற்கு முன் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் சோதனை செய்ய வேண்டும். பி.சி.ஓ.எஸ்.-க்கு அந்தச் சோதனையே மேல் என்று 2023 வழிகாட்டியும் சொல்கிறது. இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழ் என்றால் நிம்மதி.

மாத்திரை எப்படிச் சாப்பிட்டால் சேரும்

60 மில்லிகிராம் இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி ஏறத்தாழ 24 மணி நேரம் தங்கும். மறுநாள் மாத்திரை குறைவாகவே சேரும். இரும்பு குறைந்த பெண்களை வைத்து சூரிச்சில் நடந்த, 2017-இல் வெளியான ஆய்வில், தினமும் கொடுத்தபோது 16.3 சதவீதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தபோது 21.8 சதவீதமும் இரும்பு சேர்ந்தது. அழற்சியால் ஏற்கெனவே ஹெப்சிடின் ஏறியிருக்கும் பெண்ணுக்கு அதன்மேல் தினமும் இரண்டு வேளை என்று மாத்திரையை அடுக்குவதில் பயன் குறைவு. வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும், பத்தாவது நாளில் மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், அரை எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காயோடு என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

மாத்திரை அட்டையில் உப்பின் எடையா, அதிலுள்ள இரும்பின் எடையா என்று பாருங்கள். உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராமில் இரும்பு சுமார் 65 தான். அரசின் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பள்ளிகளில் கொடுக்கும் நீல மாத்திரையும் அதே அளவு. வாரம் ஒன்று என்பது தடுப்புக்கானது. ஹீமோகுளோபின் 9-இல் இருப்பவருக்கு அது சிகிச்சை ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்கும் கணக்கு உண்டு. 60 கிலோ எடை, சுமார் 3.9 லிட்டர் ரத்தம். 9-லிருந்து 12-க்கு ஏற 117 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் இரும்பு. காலியான கிடங்கை நிரப்ப இன்னொரு 300. மொத்தம் 700. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 60 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தால் 12, நாளுக்கு 6. நான்கு மாதம் ஆகும். முதல் மாதம் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு அடுத்த பெரும்போக்கில் எல்லாம் திரும்பிவிடும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும் என்று சொல்வது கிடங்குக்காகத்தான்.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களின் மருந்துப் பையில் வேறு மாத்திரைகளும் இருக்கும். தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம். வயிற்றெரிச்சலுக்கு என்று தினமும் சாப்பிடும் பாண்டோபிரசோல் அமிலத்தைக் குறைத்து இரும்பு சேர்வதையும் குறைக்கும். மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் பி12 இறங்கும். இரும்பு கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாமல், கால் மரத்துப்போதலும் சேர்ந்தால், அதைப் பார்க்க வேண்டும். மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

சாப்பாட்டில் பீட்ரூட்டும் பேரீச்சையும் மாதுளையும் பெற்றிருக்கும் பெயர் அவற்றின் நிறத்தால் வந்தது. மூன்றிலும் நினைக்கும் அளவுக்கு இரும்பு இல்லை. பேரீச்சம்பழ சிரப்பும் வெல்லமும் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கு நேரடியாகக் கெடுதல். ஈரல், சுவரொட்டி, ஆட்டு ரத்தப் பொரியல் ஆகியவற்றில் உள்ள ஹீம் இரும்பு நன்றாகச் சேரும். வாரம் ஒரு நாள் கைப்பிடி அளவு போதும். ஃபெரிட்டின் மிகுந்தவர்கள் இவற்றை மட்டும் தவிர்க்கலாம். கீரையும் பயறும் சாப்பிடும் வேளையில் சிறிது கறியோ, எலுமிச்சையோ சேர்ந்தால் தாவர இரும்பும் கூடுதலாகச் சேரும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 4.6 மில்லிகிராம் இரும்பு இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் என்ற, இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பொருளும் கால்சியமும் தடுக்கும். களியைவிட, இரவு கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழில் ஃபைட்டேட் குறைகிறது. ஆடி மாதம் மட்டும் குடிக்க வேண்டியதில்லை.

டீயை விடச் சொன்னால் வேலூர்ப் பக்கம் யாரும் கேட்கப்போவதில்லை. நேரத்தை மாற்றலாம். 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த டீ இரும்பு சேர்வதை 64 சதவீதம் குறைத்தது, காபி 39 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியும் அதே அளவு தடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தது தடுக்கவே இல்லை. எனவே 11 மணி டீயால் கெடுதல் இல்லை. சாப்பாடு முடிந்ததும் குடிக்கும் டீதான் கெடுக்கிறது.

வேலூர் வட்டாரத்துக்கே உரிய ஒன்றையும் விடக்கூடாது: கொக்கிப்புழு. குடற்புழுப் பரவலை நிறுத்த முடியுமா என்று பார்த்த டிவோர்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வுக்கு இந்தியாவில் எடுத்துக்கொண்ட இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் எஸ்.ஜே. பேக்கர் போன்ற மருத்துவர்கள் ரத்தசோகையை ஆராய்ந்த காலத்திலிருந்தே வட ஆற்காட்டுக் கிராமங்களில் குடலைப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது தெரிந்த விஷயம். வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை. குடற்புழு நீக்க முகாம்களில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தமிழ்நாட்டில் இதைக் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் சாப்பிடக்கூடாது. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராத பி.சி.ஓ.எஸ். பெண் அதை நீர்க்கட்டி என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். மாத்திரைக்கு முன் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்துவிட வேண்டும்.

அழற்சியை இறக்கத் தனி மாத்திரை கிடையாது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சி.ஆர்.பி.யும் ஹெப்சிடினும் இறங்கி, அதே சாப்பாட்டிலிருந்து கூடுதல் இரும்பு சேரத் தொடங்கும். வாரம் 150 நிமிட வேக நடை, ஈறு வீக்கம் இருந்தால் பல் மருத்துவம், இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் என்ற இலக்கு. மஞ்சள் பால் இதற்கு ஈடாகாது.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, டீ நேரம் என்ன, ரத்தம் இன்னும் போகிறதா, பி12 என்ன, சி.ஆர்.பி. இன்னும் மேலேயா என்ற வரிசையில் பார்க்க வேண்டும். அழற்சி அடைத்திருப்பதே காரணம் என்றால் ரத்தக்குழாய் வழியாக ஊசியில் ஏற்றும் இரும்பு, குடல் அடைப்பைத் தாண்டிவிடும். ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்திருக்கும், அதற்குள் திரும்ப எடுக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, படி ஏற மூச்சு வாங்குகிறது, அல்லது ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் என்றால் மாத்திரைக் கணக்கெல்லாம் பிறகு. அன்றே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டும்.